கோட்டுக்குள் நின்ற சிவப்பு

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் வெயிலுக்கு அனுமதி இல்லாத அறை ஒன்று உண்டு. ஜன்னலில் கறுப்புத் துணி, அது போதாதென்று அதன்மேல் இன்னொரு துணி. உள்ளே யாரோ கண்நோயாளி படுத்திருக்கிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். உள்ளே இருப்பவை கார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கார்கள். உலோகத்தை உருக்கி, அச்சில் ஊற்றி வார்த்து, பெயின்ட் அடித்து, ரப்பர் டயர் மாட்டி, அவர் பிறப்பதற்கும் முன்னால் எந்தக் குழந்தைக்காகவோ செய்தவை. அந்தக் குழந்தை கைக்குப் போகாமல் இவர் கையில் வந்து சேர்ந்துவிட்டன. யாராவது வாய்தவறிப் 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுக்கு டீ கிடையாது.

அவற்றைக் காப்பாற்ற மனிதர் படுகிற பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அலமாரி முழுக்கக் கண்ணாடியும் அலுமினியமும்தான். மரம் ஒரு துண்டு கிடையாது. மரப்பலகையில் இருக்கும் பசையின் ஆவி உலோகத்தை அரிக்குமாம். ஒவ்வொரு காரின் வயிற்றுக்கு அடியிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை இருக்கும். டயர்கள் தட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தொட்டால் பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டு இளகிவிடுமாம். மூலைக்கு மூலை ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டிருந்தார். கடையில் லென்ஸ் துடைக்கிற மெத்துத் துணியால்தான் துடைப்பார், அதுவும் கையுறை மாட்டிக்கொண்டு. விரல் வியர்வையில் உப்பு இருக்கிறதே.

"இந்த வீட்ல கையுறை போட்டுத் தொடுற அளவுக்கு மரியாதை அதுங்களுக்கு மட்டும்தான்" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அந்தப் பொக்கிஷம் முழுசாக அவருடையது இல்லை, பாதிதான். மறுபாதிக்குச் சொந்தக்காரன் மனைவியின் தம்பி. சோப்பு அட்டை, மருந்து அட்டை அடிக்கிற சின்ன அச்சகம் ஒன்று நடத்துகிறான். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாத தனிக்கட்டை. கண்ணாடிக்கடைக்காரர் புதுமாப்பிள்ளையாக இருந்த காலத்தில், இருவரும் ஒருநாள் மழைக்காக ஒரு பழைய பொம்மைக்கடையில் ஒதுங்கினார்கள். கடையை மூடப்போவதாகச் சொன்ன கிழவர் பரணிலிருந்து ஒரு தகர டிரங்கை இறக்கி, "இதையும் பாத்துட்டுப் போங்க" என்றார். உள்ளே வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றும் அதனதன் அட்டைப்பெட்டிக்குள் அப்படியே இருந்தன. பெட்டியின் மேல் அந்தந்தக் காரின் படம். இருவரும் பையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு டிரங்கோடு வாங்கி வந்தார்கள்.

வாங்கின பிறகுதான் வம்பு. யார் வீட்டில் வைப்பது? ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் தொகுப்பு உடைந்துவிடும். ஒருவர் வீட்டில் வைத்தால் மற்றவருக்குத் தூக்கம் போய்விடும், ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிட்டால் என்ன செய்வது என்று. 'சத்தியமாக விற்கமாட்டேன்' என்று இருவரும் சொன்னார்கள். இருவரும் அடுத்தவன் சத்தியத்தை நம்பவில்லை. குரல் உயர ஆரம்பித்ததும் நடுவில் வந்து நின்றவள் அவர் மனைவி.

"இங்க பாருங்க ரெண்டு பேரும். கார் இவர்கிட்ட இருக்கட்டும். பெட்டி தம்பிகிட்ட இருக்கட்டும். பெட்டி இல்லாத காரை எவனும் நல்ல விலைக்கு வாங்க மாட்டான், கார் இல்லாத பெட்டி வெறும் அட்டை. ஒருத்தரை விட்டு ஒருத்தர் எதையும் விக்க முடியாது. போதுமா?"

போதும் என்று தோன்றியது. அப்படித்தான் கார்களும் பெட்டிகளும் பிரிந்தன. கேள்விப்பட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் ஒப்பந்தம் நின்றது. அவருக்குத் தலை நரைத்தது, மைத்துனனுக்கு வழுக்கை விழுந்தது, ஒப்பந்தம் மட்டும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைத்துனன் வருவான். இருவரும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முன்விளக்கில் உதிர்ந்த வெள்ளிப் பூச்சைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவார்கள். பெட்டிகளைப் பார்க்க யாரும் மைத்துனன் வீட்டுக்குப் போனதில்லை. சிநேகிதர்கள் அவனுக்குக் 'காலிப்பெட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரை முதலில் எடுத்துக் கொடுத்த புண்ணியவான் யார் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். அவரேதான்.

இருந்தாலும் மைத்துனன் என்றால் அவருக்கு உயிர். அவருக்கும் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள், கடையில் நாள் முழுக்கப் பேச ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர் கிறுக்கைக் கிறுக்கு என்று நினைக்காமல் பக்கத்தில் உட்கார உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். சொத்து, சுகம் எது போனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்று அவர் மனசுக்குள் இருந்தது. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. இதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இந்த நேரத்தில்தான் நூலகர் அம்மா கண் பரிசோதனைக்குக் கடைக்கு வந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்க முடியாமல் பேச்சை மாற்றியவர், பேச்சோடு பேச்சாக, நூலகக் கூடத்தில் இரண்டு கண்ணாடிப் பேழைகள் சும்மா கிடக்கின்றன, உங்கள் கார்களைக் கொஞ்ச நாள் வையுங்களேன் என்றார். கண்ணாடிக்கடைக்காரர் ஆயிரம் நிபந்தனை போட்டார். வெயில் படக்கூடாது, விளக்குச் சூடு ஏறக்கூடாது, பேழைச் சாவி தன்னிடம்தான் இருக்கும், யாரும் கண்ணாடியில் சாயக்கூடாது. எல்லாவற்றுக்கும் அந்த அம்மா சரி என்றதும் அவருக்கு ஒரு ஆசை பிறந்தது. காரையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன? மழைக்கு ஒதுங்கிய அந்த நாளுக்குப் பிறகு அவை ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லையே.

"பெட்டியெல்லாம் எதுக்கு அத்தான்? காரை மட்டும் வைங்க, ஜனங்க அதைத்தான் பாக்கும்" என்றான் மைத்துனன்.

"அட, நீ வேற. உன் பேரையும் போட்டு அட்டை எழுதப்போறேன். எடுத்துட்டு வா."

மைத்துனன் திறப்பு நாளுக்கு முந்தின நாள் காலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நூலக மேசைமேல் வைத்துவிட்டு, அச்சகத்தில் அவசர வேலை என்று நிற்காமல் போய்விட்டான்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பேழையில் வைத்தார். காரை நிறுத்தி, பின்னால் பெட்டியைச் சாய்த்து, இரண்டடி தள்ளிப்போய் நின்று பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. மனிதர் வெட்கப்பட்டு, தூசி விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டார். கடைசியாகத் தீயணைப்பு வண்டியின் பெட்டியை எடுத்தார்.

அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் அதை அச்சடித்தவன் சிவப்பு மையைச் சரியான இடத்தில் உட்காரவைக்கவில்லை. படத்தின் கறுப்புக் கோடு ஒரு இடத்தில், சிவப்பு மயிரிழை தள்ளி இன்னொரு இடத்தில். வண்டியின் பின்பக்கம் சிவப்பு கோட்டைத் தாண்டி வெளியே வழிந்திருக்கும், ஏணி தனியாகக் காற்றில் தொங்கும். வாங்கி வந்த அன்றைக்கே மைத்துனன் இதைக் காட்டிச் சிரித்தான். அப்போது அவன் அச்சுத் தொழிலுக்குப் புதுசு. "பாருங்க அத்தான், சிவப்பு வீட்டை விட்டு ஓடிப்போயிருக்கு. இதை அடிச்சவனுக்கு அன்னிக்கு வேலை போயிருக்கும்" என்றான்.

இப்போது கையில் இருந்த பெட்டியில் சிவப்பு எங்கேயும் ஓடவில்லை. கோட்டுக்குள் அடக்க ஒடுக்கமாக நின்றது. ஏணி வண்டியோடு ஒட்டியிருந்தது.

சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓரங்களில் அழுக்கு இருந்தது, ஆனால் எல்லா ஓரத்திலும் ஒரே மாதிரி அழுக்கு. மடிப்பில் அட்டை விரிசல் விட்டிருந்தது, ஆனால் விரிசலுக்குள் தெரிந்த அட்டை பளிச்சென்ற வெள்ளை. மூக்கருகே வைத்து முகர்ந்தார். புதுப் பசை வாடை அடித்தது. மற்ற பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாமே நேற்று முந்தாநாள் பிறந்தவை.

அவருக்கு நடந்தது என்ன என்று புரிய நேரமாகவில்லை. அசலை முன்னால் வைத்துக்கொண்டுதான் மைத்துனன் நகல் அடித்திருக்கிறான். அழுக்கைக்கூட அடித்தவனுக்கு, கோட்டைத் தாண்டிய சிவப்பை மட்டும் அப்படியே அடிக்கக் கை வரவில்லை. காலம் முழுக்க நிறத்தைக் கோட்டுக்குள் நிறுத்திப் பழகிய கை, இங்கேயும் தன்னையறியாமல் நிறுத்திவிட்டது. திருடப் போன வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்த கதைதான்.

அச்சகத்துக்குப் போய், பெட்டியை மைத்துனன் முன்னால் வைத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் பெட்டியைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மெஷினை நிறுத்தினான்.

"வெளிச்சத்துல அசல் வெளுத்துடும் அத்தான். அதான் காப்பி அடிச்சேன். பெரிய பெரிய மியூசியத்துலயே அப்படித்தான் வைப்பாங்க."

உண்மையில் அப்படித்தான் வைப்பார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. வெயிலுக்குப் பயந்து இரண்டு திரை போட்டவருக்கு இந்த நியாயம் புரியாமல் போகுமா?

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"சரி, போகட்டும். அசலைக் காட்டு. பாத்து எவ்வளவோ காலம் ஆச்சு."

"இன்னொரு நாள் பாக்கலாமே. வேலை கெடக்கு."

"மெஷினைத்தான் நிறுத்திட்டியே. வா."

மைத்துனன் வீடு அச்சகத்துக்கு மாடியில். ஒரு அறையில் கட்டில், துணிக்கொடி, ஒரு நாற்காலி. அடுத்த அறையில் ஒரே ஒரு இரும்பு பீரோ, வேறெதுவும் இல்லை. மைத்துனன் பீரோவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

உள்ளே அசல் பெட்டிகள் புத்தகங்கள் மாதிரி வரிசையாக நின்றன. கண்ணாடிக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். என்ன மடத்தனமாகச் சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கைக்கு அருகில் இருந்த ஒரு பெட்டியை எடுத்தார்.

பெட்டி கனத்தது.

ஓரமடிப்பைத் திறந்தார். உள்ளே பச்சை நிற தபால் வண்டி. என் வண்டி இங்கே எப்படி வந்தது? அவருடைய தபால் வண்டியைக் காலையில்தான் பேழையில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில் இருக்கிறது. அப்படியானால் இது வேறு.

"இது என்னடா?"

"வண்டி."

"யாரு வண்டி?"

"என் வண்டி" என்றான் மைத்துனன்.

அடுத்த பெட்டியை எடுத்தார், கனத்தது. அதற்கு அடுத்ததும் கனத்தது. ஒவ்வொரு காலிப்பெட்டிக்குள்ளும் ஒரு கார் சொகுசாகப் படுத்திருந்தது.

"எல்லாத்துலயுமா?"

"தீயணைப்பு வண்டி மட்டும் இன்னும் கெடைக்கல. அதைத் தேடிக்கிட்டிருக்கேன்."

சொன்ன விதத்தைப் பாருங்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பேச்சா அது? அழுவான், காலைப் பிடிப்பான், மன்னித்துவிடுங்கள் என்பான் என்று கண்ணாடிக்கடைக்காரர் எதிர்பார்த்தார். மன்னிக்கக்கூடத் தயாராக இருந்தார். அதற்கு மைத்துனன் வாய்ப்பே கொடுக்கவில்லை.

"ஏண்டா? சேர்ந்துதானே எல்லாம் பண்ணினோம்?"

"சேர்ந்துதான். ஒரு தடவை கேட்டேன் அத்தான், ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு நாள், எல்லாக் காரையும் அதது பெட்டியில வச்சுப் பாக்கலாம்னு. என்ன சொன்னீங்க?"

"அட்டை உரசினா பெயின்ட் போகும்னு சொன்னேன். போகும்தானே."

"போகும். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தப் பெட்டியைப் பண்ணினதே கார் வைக்கத்தான்."

"காரு வேணும்னா என்கிட்ட சொல்றது. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கியிருப்போம்."

"வாங்கியிருப்போம். கார் உங்க அலமாரிக்குப் போயிருக்கும். பெட்டி இங்க வந்திருக்கும்."

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சுரீர் என்றது. அது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் வந்து என்கூட உக்காந்து பூதக்கண்ணாடியில பாத்தியே, அது என்ன நாடகமா?"

"நாடகம் இல்ல. ஒப்பிட்டுப் பாக்கத்தான் வந்தேன்" என்றான் மைத்துனன். "உங்களோடது எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து என்னோடதைப் பாப்பேன்."

அந்த ஒரு வார்த்தையில் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் கண்ணெதிரே மண்ணாகப் போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தன் கூட்டாளி என்று இவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். அவனோ வேவு பார்க்க வந்திருக்கிறான். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? அந்த நிலையிலும் கேட்டுவிட்டார்:

"எது நல்லா இருந்துச்சு?"

மைத்துனன் நிஜமாகவே யோசித்தான். "பால் வண்டி உங்களோடது நல்லது. மத்ததெல்லாம் என்னோடது."

அவருக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. கையில் தபால் வண்டி இருந்தது, கீழே விழுந்தால் பெயின்ட் போய்விடும். பத்திரமாகப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மடிப்பை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"காப்பி அடிச்சுக் குடுத்தா நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா. நீங்க எப்ப பெட்டியைப் பாத்திருக்கீங்க?"

படி இறங்கப் போனவர் பாதியில் நின்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அச்சகத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆள் அவர். இங்கே வருகிற ஒவ்வொரு தபாலும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும்.

"இத்தனை வண்டியும் பார்சல்லதானே வந்திருக்கும். நான் ஒண்ணைக்கூடப் பாக்கலையே. எங்க வந்துச்சு?"

மைத்துனன் முகத்தில் அப்போதுதான் ஈயாடவில்லை. இதுவரை தன்னைப் பற்றி எது கேட்டாலும் பட்டுப்பட்டென்று பதில் சொன்னவன் இப்போது தரையைப் பார்த்தான்.

"எங்கடா வந்துச்சு?"

"போஸ்ட் ஆபீசுக்கு."

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தார் என்பது அவருக்கே தெரியாது. மனைவி துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தம்பி வீட்டுக்குப் போனீங்களா?"

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"மொத பார்சல் வந்ததுல இருந்து."

"பார்சலை என்ன பண்ணுவ?"

"பையில போட்டு வீட்டுக்குக் கொண்டாருவேன். அவன் ஞாயித்துக்கிழமை வர்றப்ப குடுத்தனுப்புவேன்."

"இந்த வீட்டுக்கா?"

"வேற எங்க கொண்டுபோவேன்?"

அவள் கைப்பை இருட்டறைக் கதவுக்கு வெளியே உள்ள கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலம் காலமாக அங்கேதான் தொங்குகிறது. இவர் உள்ளே கையுறை மாட்டிக்கொண்டு கார் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில், கதவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பைக்குள் இன்னொரு கார் காதும் காதும் வைத்தாற்போலத் தங்கிவிட்டுப் போயிருக்கிறது. மைத்துனன் செய்தது ஒரு அடி என்றால் இது மேலே விழுந்த இடி. தம்பியாவது அவன் வீட்டில் வைத்து ஏமாற்றினான். இவள் இவர் வீட்டிலேயே, இவரை வைத்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறாள்.

"பிரிச்சுக் குடுத்ததே நீதானே? நீ சொன்னதைத்தான நான் இத்தனை காலம் காப்பாத்தினேன்?"

"ஆமா, நான்தான் பிரிச்சேன். பெரியவர்னு உங்களுக்குக் காரைக் குடுத்தேன். சின்னவன்தானேன்னு அவனுக்குக் காலி அட்டையைக் குடுத்தேன். அவன் ஒரு வார்த்தை பேசாம வாங்கிட்டுப் போனான். அன்னிக்கு அவன் சண்டை போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"அதுக்கு எனக்குத் துரோகம் பண்ணணுமா?"

"உங்களுக்கு என்ன கொறைஞ்சுது? சொல்லுங்க. ஒரு கார் கொறைஞ்சுதா?"

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். ஒரு கார்கூடக் குறையவில்லை. ஒரு டயர் குறையவில்லை. ஆனால் எதுவோ அடியோடு போய்விட்டது. அது இன்னது என்று எடுத்துச் சொல்லத் தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் நூலகத்துக்குப் போய் நகல் பெட்டிகளையெல்லாம் பேழையிலிருந்து வெளியே எடுத்துப்போட்டார். இருவர் பேரும் எழுதிய அட்டையைக் கிழித்தார். வெறும் கார்களைத் தள்ளித் தள்ளி வைத்து இடத்தை நிரப்பினார். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்கு லீவு.

உட்கார்ந்தது சும்மா இல்லை. யாராவது கேட்பார்கள், 'பழைய கார்களாச்சே, பெட்டி எங்கே?' என்று. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். கேட்டதும் சொல்ல வேண்டிய பதிலை அவர் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு தயார் செய்திருந்தார். பூசி மெழுகாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பெண்டாட்டியையும் மைத்துனனையும் நாறடித்துவிட வேண்டும். ஊர் காறித் துப்பட்டும்.

கூட்டம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், பஸ் டிரைவர் ஒருவர் வந்து ஒரு குட்டி பஸ்ஸின் முன்னால் நெடுநேரம் நின்று ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்தார். எவ்வளவு பழசு, எங்கே கிடைத்தது, ஓடுமா, சாவி கொடுக்கணுமா என்றெல்லாம் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ கேட்கப்போகிறார், இதோ இவர் கேட்பார். ஒருத்தரும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். தயார் செய்த பதில் வாய்க்குள்ளேயே கிடந்து புளித்தது.

கடைசி நாள் சாயங்காலம் நூலகர் அம்மா புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேழையைச் சுற்றி வந்தார். "தெறப்புக்கு மொத நாள் நீங்க அந்தப் பழைய டப்பாவெல்லாம் சேத்து வச்சிருந்தீங்களே, எடுத்தது நல்லதாப் போச்சு. இப்பதான் எடுப்பா இருக்கு" என்றார்.

"டப்பா இல்லீங்க, பெட்டி" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது. "காரு எப்படியாவது கெடைச்சிடும். பெட்டிதான் கெடைக்காது. குழந்தைங்க மொத நாளே கிழிச்சுப் போட்டுரும். ஒரு பெட்டியைக் கசங்காம காப்பாத்தி வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

அந்த அம்மா பயந்துபோய்ச் சரி என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்கோ, அட்டையாம், டப்பாவாம், பார்க்கத் தெரியாத ஜனங்களாம் என்று இதை உடனே போய்ச் சொல்லிப் பொருமித் தீர்க்க வேண்டும் போல வாய் துடித்தது. யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. அந்த முகம் வந்ததும் கோபம் மறுபடியும் பற்றி எரிந்தது.

கூடம் காலியான பிறகு மனைவி வந்தாள். அலுவலகம் விட்டு நேராக வந்திருந்தாள், தோளில் அதே பை. பேழைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியில் சாயாமல், கைபடாமல், அவருக்குப் பிடித்த மாதிரியே பார்த்தாள். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றாள்.

"வீட்டுக்குப் போலாமா?"

அவர் எழுந்திருக்கவில்லை. "நீயாவது கேளேன்" என்றார்.

"என்ன கேக்கணும்?"

"பெட்டி எங்கேன்னு. இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தரும் கேக்கல. ஒரு வார்த்தை கேளு."

அவள் அவரையே பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. களைத்த முகம்.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

ஆமாம், அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். பெட்டி இல்லாததைப் பார்த்ததும் பதறக்கூடியவர்கள் இந்த ஊரில் மொத்தம் இரண்டு பேர். இருவர்மேலும் அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை, இனி ஆறும் என்றும் தோன்றவில்லை. அந்த ஆத்திரத்தைச் சொல்லி அழ அவருக்கு அந்த இருவரை விட்டால் வேறு ஆளும் இல்லை.